வாய்வழிப் போன சரக்கு

எங்கள் கம்பெனியில் சரக்கை விற்பது நான். விற்ற சரக்கை வெளியே போகவிடாமல் பிடித்து வைப்பது எங்கள் ஆபீஸ் அக்கா. கோபத்தில் சொல்கிறேன் என்று நினைக்கலாம். கோபம்தான். இத்தனை வருஷம் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து, ஒரே காரில் வந்து போயும் அந்தக் கோபத்தை நான் குறைத்துக்கொண்டதில்லை. அக்காவும் அதற்காக ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை.

நாங்கள் செய்வது ட்ரோனின் வயிற்றில் மாட்டுகிற கேமரா. சூட்டைப் பார்க்கிற கேமரா. இருட்டோ பனிமூட்டமோ, புதருக்குள் ஒரு பூனை படுத்திருந்தால்கூட வெள்ளைப் புள்ளியாகத் திரையில் காட்டிக்கொடுத்துவிடும். காட்டில் வழிதவறியவனை அதை வைத்துத் தேடிப் பிடிக்கலாம். ஒளிந்திருப்பவனையும் அதை வைத்தே தேடி, அவன் தலையில் குண்டு போடலாம். அதனால் நாட்டின் பாதுகாப்புக்கென்று அரசாங்கம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. இந்த மாதிரிச் சாமான் எல்லை தாண்ட வேண்டுமானால் யாருக்கு, எங்கே, எதற்கு என்று விளக்கம் சொல்லி முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும்.

அந்தச் சட்டம் வரும்போது அக்கா எங்கள் வரவேற்பறையில் டெலிபோன் எடுத்துக்கொண்டிருந்தார். முதலாளி இருக்கிறாரா என்று யாராவது கேட்டால் போதும், "எதுக்கு?" என்பார். பாக்கி விஷயம் பேச என்றால், "என்ன பாக்கி?" என்பார். சண்டை போடவோ வேவு பார்க்கவோ இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற ஆசை. முதுகுக்குப் பின்னால் எல்லோரும் வைத்த பேர் எதுக்கக்கா. முதலாளி ஒருநாள் தலையில் கைவைத்துக்கொண்டு, "ஊரையே குடையுறீங்க, அதையே உங்க வேலையா ஆக்கிடுறேன்" என்று சொல்லி அனுமதி மேசையில் உட்கார வைத்தார். கழிவறைக் கதவுக்குப் பக்கத்து மேசை. அங்கே உட்கார ஆள் யாரும் முன்வரவில்லை என்பது வேறு விஷயம்.

அக்காவின் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். கல்யாணத்துக்கு முன்னால் அக்கா அங்கே கண் பரிசோதிக்கப் போயிருக்கிறார். சுவரில் மாட்டிய அட்டையைப் படிக்கச் சொன்னால், முதல் எழுத்தை மட்டும் ஏன் அவ்வளவு பெரிதாகப் போட்டிருக்கிறார்கள், அதைக்கூடப் படிக்க முடியாதவர் கடைக்கு எப்படி வழி கண்டுபிடித்து வந்தார், எழுத்தே தெரியாதவருக்கு என்ன செய்வீர்கள் என்று ஆரம்பித்துவிட்டாராம். "பதில் சொல்லி முடியல தம்பி. கடையை அடைக்கிற நேரம் ஆயிடுச்சு. அதான் கல்யாணம் பண்ணிக்கிட்டேன்" என்று இன்றைக்கும் சொல்வார். அக்கா பக்கத்திலேயே நின்று, "இன்னும் ரெண்டு கேள்விக்கு பதில் வரல" என்பார்.

அவரால் எனக்குப் போன வியாபாரம் கொஞ்சநஞ்சமில்லை. ஒருத்தர் ஏரியில் பறவை எண்ணக் கேமரா கேட்டார். நல்ல ஆர்டர். நான் விலை பேசி முடிக்கிற நேரத்தில் அக்கா போனை வாங்கிக்கொண்டார். என்ன பறவை, எந்த மாசம் வரும், தண்ணீரில் மிதக்கிறதை எண்ணுவீர்களா மரத்தில் அடைகிறதை எண்ணுவீர்களா, ஒன்று மேலே ஒன்று உட்கார்ந்தால் என்ன கணக்கு. கேட்கிற குரலில் சந்தேகம் துளி இருக்காது. அவர் முதலில் உற்சாகமாகத்தான் பதில் சொன்னார். பிறகு தண்ணி குடித்தார். பிறகு லைன் கட்டாகிவிட்டது, ஆள் திரும்பக் கூப்பிடவேயில்லை. "பாவம், பறவையே பாத்ததில்ல போல" என்றார் அக்கா. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அன்றைக்கு அவரைக் காரில் ஏற்றாமல் போயிருக்க வேண்டும். ஏற்றிக்கொண்டுதான் போனேன்.

மதியச் சாப்பாட்டுக்கு அவர் உட்காருவது ஃப்ரிட்ஜ் சாரோடு. அவர் எங்கள் மூத்த எஞ்சினியர். ஆள் உயரத்துக்கு ஒரு குளிர்ப்பெட்டி வைத்துக்கொண்டு, அதற்குள் கேமராவை உறைய வைத்துச் சோதிப்பதுதான் அவர் பொழுது. குளிர் ஏறினால் எல்லாக் கேமராவிலும் படம் மங்கி, விறைத்து நின்றுவிடும். எங்கள் கேமராவில் நிற்காது. அதற்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். சின்ன வழிதான். ஆனால் அனுமதி வேண்டிய சங்கதிகளில் கேமராவுக்கு முன்னால் அதற்குத்தான் முதலிடம். பனி விழுகிற நாட்டில் ஒளிந்திருக்கிற மனிதன் உயிரோடு இருப்பதும் இல்லாததும் அந்தச் சின்ன வழியில் இருக்கிறது என்றால் புரியும். அக்கா தினமும் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, குளிர் என்றால் என்ன, கண்ணாடிக்குக் குளிருமா என்று தொடங்கி, மாதக்கணக்கில் துருவித் துருவி அந்த வழியை முழுசாகத் தெரிந்துகொண்டுவிட்டார். ஃப்ரிட்ஜ் சாருக்கும் சந்தோஷம். அவர் சொல்வதை வேறு யார் காது கொடுத்துக் கேட்கிறார்கள்?

அக்காவுக்கு ஒரே மகள். கல்யாணமாகி வெளிநாட்டில் இருக்கிறாள். மாப்பிள்ளைக்கு அங்கே விமான நிலையத்தில் விமானம் பழுதுபார்க்கிற வேலை. கழுத்தில் தொங்குகிற பாஸ் இருந்தால்தான் உள்ளேயே போக முடியும். விடுமுறை நாளில் அவர் ஒரு குழுவோடு சேர்ந்து ட்ரோன் விடுவார். மான்குட்டி தேட. புல்வெளியில் மெஷின் வைத்துப் புல் அறுப்பதற்கு முன்னால், விடியற்காலையில் மேலேயிருந்து பார்த்து, புல்லுக்குள் படுத்திருக்கிற குட்டிகளைத் தூக்கி ஓரமாக விடுகிற குழு. இதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. காரில் வரும்போதெல்லாம் இதே பேச்சு.

"மெஷின் சத்தம் கேட்டா குட்டி ஓடாதாம், தெரியுமா? ஆபத்துன்னா அசையாம படுத்துக்குமாம். தாய் எங்க போயிருக்கும்னு கேட்டேன். மேயப் போயிருக்குமாம்."

"அக்கா, ரோட்டைப் பாத்து ஓட்ட விடுறீங்களா?"

ஒரு விடுமுறை நாள் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை சலித்துக்கொண்டிருக்கிறார். "விடியக்கால குளிர்ல படம் நின்னுடுது அத்தை. அதுக்குள்ள மெஷின் வந்துடுது. நேத்து ஒரு குட்டியை விட்டுட்டோம்." அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். குட்டி செத்ததைக் கேட்டதும் கையை நிறுத்திவிட்டு, "அதுக்கு ஒரு வழி இருக்கு மாப்பிள்ளை" என்று ஆரம்பித்து, கடகடவென்று சொல்லி முடித்துவிட்டு, மறுபடி வெங்காயத்துக்குப் போய்விட்டார். என்ன சொன்னார் என்று நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் நானும் மாட்டிக்கொள்வேன்.

அடுத்த வாரம் மாப்பிள்ளை படம் அனுப்பினார். கம்பளியில் சுற்றிய ஒரு குட்டி, பெரிய காது, மூக்கில் ஈரம். தான் சொன்ன வழியால் பிழைத்த குட்டி என்று அக்கா ஆபீஸ் முழுக்க அதைக் காட்டினார். எனக்கும் காட்டினார். அழகாக இருக்கிறது என்று சொன்னேன். எங்களில் யாருக்கும் எதுவும் உறைக்கவில்லை. வேடிக்கை அதுதான். சட்டத்தைக் கரைத்துக் குடித்தவர் அவர், அவரிடம் பாடம் கேட்டவர்கள் நாங்கள்.

பாடம் என்றேன் இல்லையா, புதிதாக ஆள் சேரும்போதெல்லாம் அக்கா வகுப்பு எடுப்பார். பழைய ஆட்களும் உட்கார வேண்டும். நான் கடைசி வரிசையில் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கப் பழகியிருந்தேன். அந்தத் தடவை புதிதாக வந்த ஒரு பெண், பெட்டி போனால்தானே ஏற்றுமதி, பேச்சு எப்படி ஏற்றுமதியாகும் என்று கேட்டாள். அக்காவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. கேள்வி கேட்கிற ஆளைப் பார்த்தால் அப்படித்தான்.

"நல்லா கேட்டேம்மா. பெட்டிக்குள்ள என்ன இருக்கு? ஒரு யோசனை இருக்கு. அந்த யோசனை பெட்டியில போனா என்ன, மெயில்ல போனா என்ன, வாய் வழியாப் போனா என்ன? எல்லை தாண்டுச்சா, அது சரக்குதான். இப்போ பாரு, நான் பாட்டுக்கு வீட்டுல உக்காந்து, வெளிநாட்டுல இருக்கிற என் மாப்பிள்ளைகிட்ட போன்ல..."

அங்கே நின்றார்.

நான் நிஜமாகவே கண்ணைத் திறந்தேன். அக்கா கையில் இருந்த பேனாவை மேசை மேல் வைத்தார். மறுபடி எடுத்தார். "இன்னிக்கு இவ்வளவு போதும்" என்றார். வகுப்பைப் பாதியில் விட்டு அவர் போனதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அக்கா நேரே முதலாளியிடம் போய் நடந்ததைச் சொல்லிவிட்டார். முதலாளி அறையில் நாங்கள் மூன்று பேர். ஃப்ரிட்ஜ் சாருக்கு முகம் வெளுத்துவிட்டது, சொல்லிக்கொடுத்தது அவர்தானே. முதலாளி கதவைச் சாத்தினார். "யாரு கேட்டாங்க? உங்க வீட்டுச் சமையலறையில சொன்னது. காத்தோட போச்சு. விடுங்க" என்றார். நானும் அதையேதான் சொன்னேன். இப்போது கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஒரு மான்குட்டிக்காக யாராவது தன் கழுத்தில் தானே சுருக்குப் போட்டுக்கொள்வார்களா?

அக்கா அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் யோசித்துக்கொண்டிருந்தார். "எங்க போயிருக்கும்?" என்றார்.

"எது?"

"நான் சொன்னது. மாப்பிள்ளை யார்கிட்டயாவது சொல்லியிருப்பாருல்ல? அவங்க யார்கிட்ட சொன்னாங்க? இப்போ அது எங்க இருக்கும்?"

அன்று சாயங்காலம் காரிலேயே மாப்பிள்ளையைக் கூப்பிட்டார். அக்காவுக்கு ஒரு காது மந்தம். எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார், அதனால் இந்தக் கதை முழுவதும் எனக்குத் தெரியும். மாப்பிள்ளை வெகுளி. "ஆமா அத்தை, குழுத் தலைவர்கிட்ட சொன்னேன், பால் பண்ணை வச்சிருக்காரே அவரு. ரொம்பப் புகழ்ந்தாரு உங்களை" என்றார். பால் பண்ணைக்காரர் யாரிடம் சொன்னார் என்று விசாரித்துச் சொல்லச் சொன்னார் அக்கா. எதற்கென்றும் மறைக்காமல் சொன்னார்.

இரண்டு நாள் கழித்து, அதே மாதிரி காரில் வரும்போது பதில் வந்தது. பால் பண்ணைக்காரர் தன் ட்ரோனைப் பழுதுபார்க்கிற கடைக்காரரிடம் சொல்லியிருக்கிறார். கடைக்காரர் கெட்டிக்காரர், செய்து பார்த்தார், வேலை செய்தது. கடையில் நின்ற ஒரு வாடிக்கையாளர் பார்த்துவிட்டு, தன்னிடம் இருக்கிற கேமராவுக்கும் செய்து தரச் சொல்லியிருக்கிறார். மறுநாள் வேன் நிறையக் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்.

"வேன் நிறையவா? எதுக்காம்?" என்றார் அக்கா.

"கடைக்காரர் கேக்கலையாம் அத்தை."

"எந்த ஊரு ஆளாம்?"

"அதையும் கேக்கல." மாப்பிள்ளையின் குரல் இறங்கிவிட்டது. "மான்குட்டிக்கு அவ்வளவு கேமரா வேண்டாம் அத்தை."

சிக்னல் பச்சையாகியும் நான் வண்டியை எடுக்கவில்லை. பின்னாலிருந்தவன் ஹார்ன் அடித்துத் திட்டிவிட்டுப் போனான். திடீரென்று போனில் மகளின் குரல். பக்கத்தில்தான் இருந்திருக்கிறாள்.

"அம்மா, நீ இதை எழுதிக் குடுக்கப் போற, அதானே? உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதா? எழுதினா இங்க இவரைக் கூப்பிடுவாங்க. பாஸைப் பிடுங்குவாங்க. பாஸ் போனா வேலை போச்சு. வேலை போனா எங்களை இங்க இருக்கவே விட மாட்டாங்க. குழந்தையை இப்பதான் ஸ்கூல்ல சேர்த்திருக்கேன். உனக்கு அது ஞாபகம் இருக்கா இல்லையா?"

"இருக்கும்மா."

"அப்புறம்?"

"அந்த வேன் எங்க போச்சுன்னு யாராவது தேடணும்ல? நான் சொல்லலைன்னா தேடணும்னே ஒருத்தருக்கும் தெரியாதே."

"எங்கயோ போகட்டும்மா! உனக்கு என் குடும்பத்தை விட அந்த வேன் பெருசாப் போச்சா?"

மகள் போனை வைத்துவிட்டாள். தன் வீட்டு வாசலில் இறங்கும்போது அக்கா, "அவ சொல்றதும் சரிதான் தம்பி" என்றார். அப்பாடா, விட்டுவிட்டார் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் அனுமதி அலுவலகத்துக்கு நடந்ததையெல்லாம் தன் பேரிலேயே எழுதி அனுப்பிவிட்டுத்தான் என் மேசைக்கு வந்தார். மாப்பிள்ளைக்கும் முன்கூட்டியே சொல்லியிருக்கிறார். "நீங்க எழுதுங்க அத்தை, நானே இங்க போய்ச் சொல்லிடுறேன், பிடிச்சுட்டுப் போறதுக்குள்ள" என்று அந்த மனிதர் சொன்னாராம். மகள்தான் பேசவில்லை.

அதிகாரிகள் இரண்டு பேர் வந்து எங்கள் மூன்று பேரையும் உட்கார வைத்தார்கள். கேள்வி கேட்க ஒரு அம்மா, தட்டச்சு செய்ய ஒரு ஆள். "போன்ல என்ன சொன்னீங்களோ, அதை வரி மாறாம சொல்லுங்க" என்றார் அந்த அம்மா. அக்கா தட்டச்சு ஆளைப் பார்த்தார். "இவருக்கு இதைக் கேக்க அனுமதி இருக்குங்களா?" என்றார். அந்த அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்து, யோசித்து, யாருக்கோ போன் போட்டார். அனுமதி இல்லையாம். அந்த ஆள் எழுந்து வெளியே போய்ச் செடிக்குப் பக்கத்தில் நின்றான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஃப்ரிட்ஜ் சார் என் காலை மிதித்தார்.

தானாக முன்வந்து சொன்னதால் அக்காவை எச்சரிக்கையோடு விட்டார்கள். விசாரணை முடியும்வரை எங்கள் பெட்டி ஒன்றுகூட வெளியே போகக் கூடாது என்று உத்தரவு. கிடங்கில் என் சரக்கெல்லாம் முடங்கிக் கிடந்தது. வாங்குகிறவர்களிடம் நான் மென்று முழுங்கினேன். அக்கா மறுபடி வரவேற்பறைக்குப் போனார். சாப்பாட்டு நேரத்தில் ஃப்ரிட்ஜ் சார் தன் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபடியே சாப்பிட ஆரம்பித்தார். அவர் மேலும் தப்பில்லை, யாரிடமும் வேலையைப் பற்றி வாய்திறக்கக் கூடாது என்று எழுதி வாங்கியிருந்தார்கள். அக்கா தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. என் டப்பாவை எடுத்துக்கொண்டு போய் எதிரில் உட்கார்ந்தேன். பேசவில்லை. கோபம் அப்படியேதான் இருந்தது.

வெளிநாட்டில் மாப்பிள்ளையின் பாஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தார். மகளிடமிருந்து போன் நின்றுபோனது. பேத்தியின் குரலும் நின்றது. அக்காவின் வீட்டுக்காரர் மட்டும் கடையிலிருந்து மகளைக் கூப்பிடுவார், அவரிடம் இரண்டு வார்த்தை பேசி வைத்துவிடுவாள். அக்கா அந்த அதிகாரி அம்மாவுக்கு வாராவாரம் போன் போட்டார். வேன் எங்கே போனது, யார் அந்த ஆள், கிடைத்தானா.

"அதை உங்களுக்குச் சொல்ல அனுமதி இல்லைம்மா" என்று அவர் வாராவாரம் சொன்னார்.

மூன்றாவதோ நான்காவதோ தடவை இதைக் கேட்டு நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை. ராத்திரி படுத்தால் அந்த வேன் கண்ணுக்குள்ளேயே ஓடுகிறது என்றார். பனியில் எவனோ ஒருவன் அசையாமல் படுத்திருக்கிறான், மேலே சத்தம் கேட்கிறது என்றார். நான் ரேடியோவைப் போட்டேன்.

எங்கள் பெட்டிகளுக்கு மறுபடி அனுமதி வந்து, அக்காவும் கழிவறைக் கதவுக்குப் பக்கத்து மேசைக்குத் திரும்பிக் கொஞ்ச நாள் ஆகியிருந்தது. மழை பெய்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம், பாலத்தின் மேல் போக்குவரத்து நெரிசலில் நின்றுகொண்டிருந்தோம். அக்காவின் போன் அடித்தது. மகள்.

"அம்மா. பாஸ் குடுத்துட்டாங்க. நாளையிலேருந்து வேலைக்குப் போறாரு."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். "நல்லதும்மா" என்றார் கடைசியில்.

"இன்னொண்ணு. அந்த வேன் விஷயம். கூப்பிட்டு விசாரிச்சப்போ இவருக்குத் தெரிஞ்சுபோச்சு, எங்க போச்சு, யாரு, என்ன ஆச்சு, எல்லாம். வெளியில சொன்னா பாஸ் திரும்பப் போயிடும்னு கையெழுத்து வாங்கியிருக்காங்க. என்கிட்ட மட்டும் சொன்னாரு. உனக்குச் சொல்லட்டுமா?"

நான் அக்காவைப் பார்த்தேன். எனக்கு நாக்கு நமநமவென்றது. எத்தனை மாசம் சரக்கு முடங்கியது, எத்தனை பேரிடம் திட்டு வாங்கினேன், எனக்கும் தெரிய வேண்டாமா? கேளுங்கள் கேளுங்கள் என்று இரண்டு கையாலும் ஜாடை காட்டினேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடியில் வழிகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதடு அசைந்தது. அந்தக் கேள்வி தொண்டைவரை வந்து நிற்பது எனக்கே தெரிந்தது.

"வேண்டாம்மா" என்றார்.

"உனக்கா வேண்டாம்?"

"சொல்லாதே. எனக்குத் தெரிஞ்சா நான் எங்கயாவது யார்கிட்டயாவது சொல்லிடுவேன். வெங்காயம் நறுக்கும்போது சொல்லிடுவேன். என்னை எனக்குத் தெரியும்."

அந்தப் பக்கம் குழந்தை ஏதோ பாடிக்கொண்டிருப்பது தூரத்தில் கேட்டது. அக்கா காதைப் போனுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"உனக்கு என் மேல கோவம் போச்சாடி?"

"இல்லை" என்றாள் மகள். "போகல."

"சரி, இருக்கட்டும். அதை வச்சுக்கிட்டே நாளைக்கும் கூப்பிடு. திட்டறதுக்காவது கூப்பிடு."

மகள் விசும்புவது கேட்டது. "சரிம்மா" என்றாள். அக்காவும் அழுதார், நான் பக்கத்தில் இருக்கிறேன் என்றுகூடப் பார்க்காமல், மூக்கைச் சீந்திக்கொண்டு சத்தமாகவே அழுதார். நெரிசல் விலகி வண்டிகள் நகர ஆரம்பித்தன. பாலம் இறங்கும்வரை நான் பொறுத்துக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் முடியவில்லை.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அக்கா" என்று கத்தினேன்.

"கேட்டிருக்கலாம்" என்றார் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ரோட்டைப் பாத்து ஓட்டு."